பூனை உங்களை நேசிப்பதாகச் சொல்லவில்லை

‘பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகமே இருண்டுபோயிடுமா?’ இந்தப் பழமொழியைக் கேட்காமல் தமிழில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. வீட்டில், வகுப்பறையில், அரசியல் மேடையில், முகநூல் சண்டையில் என்று எல்லா இடத்திலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பூனை கண்ணை மூடுவது முட்டாள்தனம் என்பது இதன் முடிவு.

நம்மிடம் இன்னொரு பூனையும் உண்டு. ருத்ராட்சப் பூனை. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பெரும்பாறையில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் அதைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் அதை நம்பி வந்த எலிகள். மகாபாரதத்திலிருந்து வரும் போலிச் சாமியார்ப் பூனையின் கதை. ஆக, சாந்தமாக இருக்கும் பூனை நமக்கு ஒன்று முட்டாள், இல்லையென்றால் கபடதாரி.

மூன்றாவது பூனை கடந்த சில வருடங்களில் கைபேசிக்குள் வந்து சேர்ந்தது. அது உங்களைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கிறது. பின்னணியில் பியானோ. கீழே எழுத்து: ‘உங்கள் பூனை இப்படிச் செய்தால் ஐ லவ் யூ என்று அர்த்தம்.’ இதற்குப் ‘பூனை முத்தம்’ என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். லட்சக்கணக்கான இதயக்குறிகள். ‘அழுதுட்டேன்’ என்று பின்னூட்டம்.

முதல் இரண்டு பூனைகளையும் நம் பாட்டன்மார் கட்டிவிட்ட கதை என்று எளிதாகத் தள்ளிவிடுகிறோம். மூன்றாவதை மட்டும் அறிவியல் என்று நம்புகிறோம். என் வழக்கு இதுதான்: மூன்றுமே ஒரே ரகம். மூன்றிலும் பூனை வாயே திறக்கவில்லை. அதற்கு டப்பிங் பேசியது நாம். அதிலும் மூன்றாவதுதான் அதிக ஆபத்தானது, ஏனென்றால் அது அன்பின் பெயரால் பேசப்படுகிறது. பூனையைத் திட்டுகிறவர் அதை விட்டு விலகிப் போய்விடுவார். கொஞ்சுகிறவர்தான் அருகில் வந்து தூக்குவார்.

1

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தன் எல்லைக்குள் தனியாக வாழ்ந்து, தனியாக வேட்டையாடும் உயிர். அது மனிதரோடு சேர்ந்தது இன்று நேற்றல்ல. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மனிதரும் ஒரு பூனையும் அருகருகே புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் தொல்லியலாளர்கள் அறிவித்தார்கள். ஆனால் அத்தனை ஆயிரம் வருடங்கள் நம்மோடு இருந்தும், பூனை தன் உடல்மொழியின் அடிப்படையை நமக்காக மாற்றிக்கொள்ளவில்லை.

தனியாக வேட்டையாடும் விலங்குக்குக் காயம் என்பது பட்டினி. ஓநாய்க்குக் காலில் அடிபட்டால் கூட்டம் இருக்கிறது. பூனைக்கு யார் இருக்கிறார்கள்? எனவே சண்டைக்குப் போகாமலே சண்டையை முடித்துவிட வேண்டிய அவசியம் அதற்கு இருக்கிறது. அதற்கான முதல் கருவி கண். இரண்டு ஆண் பூனைகள் தெருவில் எதிர்ப்படும்போது நின்று கவனியுங்கள். நகம் வெளியே வருவதற்கு முன்னால் பல நிமிடங்கள் வெறும் பார்வைதான் நடக்கும். இமைக்காமல், அசையாமல், ஒன்றையொன்று முறைத்தபடி. பல நேரம் அதிலேயே கணக்குத் தீர்ந்துவிடும். ஒன்று மெல்லத் தலையைத் திருப்பி, வேறெங்கோ பார்த்து, கால் வைப்பது தெரியாமல் கால் வைத்து விலகும். மற்றது துரத்தாது.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு விலங்கியல் பட்டம் வேண்டாம். ‘என்னடா முறைக்கிற?’ என்ற இரண்டு சொற்களில் தொடங்கி ஆஸ்பத்திரியில் முடிந்த சண்டைகள் எத்தனை நம் ஊரில்? பேருந்தில் அந்நியர் ஒருவர் இரண்டு நிமிடம் நம்மையே பார்த்துக்கொண்டு வந்தால் ‘ஆஹா, என்ன பாசம்’ என்றா நினைக்கிறோம்? முறைப்பு என்றால் என்னவென்று நம் உடம்புக்கு நன்றாகத் தெரியும். பூனை விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். குனிந்து, முகத்தை அதன் முகத்துக்கு நேரே வைத்து, கண்ணைக் கண்ணால் பிடித்து, ‘செல்லக்குட்டி, என்னப் பாரு, என்னப் பாரு’ என்கிறோம். சுமார் 25 சென்டிமீட்டருக்குள் வரும் பொருள் பூனைக்குத் தெளிவாகவே தெரியாது. அதன் பக்கத்திலிருந்து யோசியுங்கள்: தன்னைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு கனமுள்ள ஒரு பிராணி, மங்கலான பெரிய முகத்தோடு, இமைக்காமல் முறைக்கிறது.

அது தலையைத் திருப்பிக்கொள்கிறது. உடனே தீர்ப்பு வந்துவிடும்: ‘பூனைக்குப் பாசமே கிடையாதுப்பா. நாய் மாதிரி வராது.’

எங்கள் தெருவில் ஒரு நீண்ட மதில். சாயங்காலத்தில் அதில் இரண்டு மூன்று பூனைகள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கும். ஒன்று தெருவைப் பார்க்கும், ஒன்று தென்னை மரத்தைப் பார்க்கும், ஒன்று எதையும் பார்க்காமல் கண்ணைப் பாதி மூடியிருக்கும். ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது. முடிவெடுக்கத் தெரியாதவரை ‘மதில்மேல் பூனை’ என்று கிண்டல் செய்வோமே, அந்தப் பூனைகள்தான். உண்மையில் அவை மூன்றும் ஒரு முடிவெடுத்துத்தான் உட்கார்ந்திருக்கின்றன. ‘உன்னை நான் பார்க்கலை, என்னை நீ பார்க்காதே, இந்த மதில் நம்ம எல்லாருக்கும் போதும்.’ பூனைகளுக்கு இடையே பார்க்காமல் இருப்பது மரியாதை. கண்ணை மூடுவது அதைவிடப் பெரிய மரியாதை. எதிரே ஒருவர் இருக்கும்போது, அடுத்த நொடி என்ன நடக்கும் என்று கண்காணிப்பதைக் கைவிடுவது அது.

ஆக, பழமொழியின் பூனை முட்டாள் அல்ல. கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடும் என்று அது நினைக்கவில்லை. உலகம் அப்படியே இருக்கும், ஆனால் இந்த இடத்தில், இந்த ஆள் முன்னால், கண்ணை மூடினால் ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டிருக்கிறது.

2

சரி, ‘ஐ லவ் யூ’ எங்கிருந்து வந்தது? 2020 அக்டோபரில் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்விலிருந்து. இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த டாஸ்மின் ஹம்ஃப்ரி, கேரன் மெக்காம்ப், லியான் ப்ரூப்ஸ் உள்ளிட்டோர் செய்தது. முதல் சோதனையில் 14 வீடுகளைச் சேர்ந்த 21 பூனைகள். உரிமையாளர் மெதுவாகக் கண்ணைச் சுருக்கி மூடித் திறந்தால் பூனை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். எதுவும் செய்யாமல் இருந்த நேரத்தைவிட, அப்படிச் செய்தபோது பூனைகளும் அதிகமாகக் கண்களைச் சுருக்கின, பாதி மூடின. இரண்டாவது சோதனையில் 24 பூனைகள், முன்பின் தெரியாத ஆய்வாளர். அவர் முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டு கையை நீட்டியதைவிட, மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தபின் நீட்டியபோது பூனைகள் அதிகமாக அவர் பக்கம் வந்தன.

அழகான ஆய்வு. பூனை வளர்ப்பவர்கள் காலங்காலமாகச் சொல்லிவந்ததை முறையாகச் சோதித்துக் காட்டியது. ஆனால் அது காட்டியது இவ்வளவுதான்: நீங்கள் கண்ணைச் சுருக்கினால் பூனையும் சுருக்குகிறது, நெருங்கி வரவும் கொஞ்சம் கூடுதலாகத் தயாராகிறது. நேசத்தை யாரும் அளக்கவில்லை. இந்தப் பழக்கம் எப்படித் தோன்றியிருக்கும் என்பதற்கு ஆய்வாளர்களே இரண்டு ஊகங்களைச் சொன்னார்கள். நீண்டு நிலைக்கும் முறைப்பை இடையில் உடைக்கும் வழியாக அது தொடங்கியிருக்கலாம். அல்லது இப்படிச் செய்தால் மனிதர்கள் நன்றாக நடந்துகொள்கிறார்கள் என்று பூனைகள் கற்றிருக்கலாம். ரீல்ஸுக்குள் நுழைந்தபோது இந்த ‘லாம்’கள் அத்தனையும் உதிர்ந்து, ‘ஐ லவ் யூ’ மட்டும் மிஞ்சியது.

அதே குழுவினர் அதே ஆண்டில் வெளியிட்ட இன்னொரு ஆய்வை யாரும் ரீல்ஸ் ஆக்கவில்லை. காப்பகத்தில் தத்தெடுக்கக் காத்திருந்த 18 பூனைகளை வைத்துச் செய்தது. மனிதர் கண்ணை மூடித் திறக்கும்போது பதிலுக்குக் கண்ணை மூடிய பூனைகளுக்குச் சீக்கிரம் வீடு கிடைத்தது. இதுவரை இனிக்கிறது. ஆனால் மனிதர்களைக் கண்டு பதற்றப்படுபவை என்று ஏற்கெனவே அடையாளம் காணப்பட்ட பூனைகளும் இந்த மெதுவான இமைப்பில் அதிக நேரம் செலவிடும் போக்கைக் காட்டின. எனவே இந்தச் சைகைக்கு இரண்டு பயன்கள் இருக்கலாம் என்றார்கள். ஒன்று இணக்கம். மற்றது பணிவு. அதாவது, ‘உன்னோடு எனக்குச் சண்டையில்லை, என்னை ஒண்ணும் செஞ்சிடாதே’ என்ற கெஞ்சல்.

இதைக் கொஞ்சம் மெதுவாக யோசிப்போம். கூண்டுக்குள் ஒரு பூனை. எதிரே முன்பின் தெரியாத ஒரு மனிதர். அது பயத்தில் கண்ணைச் சுருக்குகிறது. மனிதர் உருகிப்போய் ‘பாருங்க, இதுக்கு என்னப் பிடிச்சிருக்கு’ என்கிறார். பூனைக்கு வீடு கிடைத்துவிட்டது, நல்லதுதான். ஆனால் அந்த வீட்டுக்குள் போகும் பூனை, தன்னை நேசிப்பதாக நம்பப்படும் பூனை. வந்த முதல் நாளே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால் என்ன சொல்வார்கள்?

2017இல் வந்த வேறொரு ஆய்வு இதை இன்னும் சிக்கலாக்குகிறது. கனடாவின் காப்பகப் பூனைகளின் முகத் தசை அசைவுகளை ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்த்ததில், இமைப்பதும் பாதி இமைப்பதும் அச்சத்தோடு சேர்ந்து வந்தன. இமைப்பின் வேகமும் சூழலும் வேறு என்பது உண்மை. ஆனால் ‘கண்ணை மூடினால் அன்பு’ என்று அகராதி போடுகிறவர்களுக்கு அந்த வேறுபாடெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

3

அடுத்ததுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற இடம்.

2019இல் கனடாவின் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள், பூனைக்கு வலி இருக்கிறதா என்பதை முகத்தைப் பார்த்து அறிய ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்: காதுகளின் நிலை, கண்களின் சுருக்கம், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதியின் இறுக்கம், மீசை, தலையின் நிலை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிக்கு மருந்து தர யோசிக்க வேண்டும்.

பட்டியலில் இரண்டாவதைத் திரும்பப் பாருங்கள். கண்களின் சுருக்கம். வலியில் இருக்கும் பூனை கண்ணை இடுக்கிக்கொள்ளும்.

பூனை வலியைக் கத்திச் சொல்லும் விலங்கு அல்ல. ஒரு மூலையில் போய் உடம்பைக் குறுக்கி உட்காரும். தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கும். காதுகள் பக்கவாட்டில் விலகியிருக்கும். கண் பாதி மூடியிருக்கும். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போகலாம். அந்த நேரத்திலும் வெளியே இப்படித் தெரியலாம். இந்த முகத்தைப் படம் பிடித்து ‘ஜென் நிலையில் எங்க வீட்டு ராஜா’ என்று போடுகிறவர்கள் கொடியவர்கள் அல்ல. பாசக்காரர்கள்தான். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட அகராதியில் சுருங்கிய கண்ணுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது.

நிம்மதி, பணிவு, வலி. மூன்றுக்கும் கண் சுருங்கும். எது எதுவென்று எப்படித் தெரிந்துகொள்வது? கண்ணை மட்டும் பார்த்தால் தெரியாது. காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, மீசை தளர்ந்திருக்கிறதா விறைத்திருக்கிறதா, உடம்பு பரவிக் கிடக்கிறதா சுருண்டிருக்கிறதா, கால் உள்ளே மடங்கியிருக்கிறதா, காலையில் சாப்பிட்டதா, மணல் தட்டில் ஈரம் இருக்கிறதா? கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு சவ்வு, அதன் மூன்றாவது இமை, விழித்திருக்கும்போதும் தொடர்ந்து பாதி மறைத்து நிற்கிறது என்றால் ரசிக்காமல் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். கண் என்பது ஒரு சொல். வாக்கியம் முழு உடம்பு. ஒரு சொல்லை மட்டும் பிடுங்கி எடுத்து மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்று இலக்கியம் வாசிப்பவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

4

கண்பாவையை வைத்து மனநிலை சொல்லும் படங்களும் சுற்றுகின்றன. கோடு போல ஒடுங்கியிருந்தால் அமைதி, வட்டமாக விரிந்திருந்தால் கோபம், நடுவாந்தரமாக இருந்தால் விளையாட்டு. ராசிபலன் மாதிரியே மூன்று கட்டங்கள்.

பூனையின் கண்பாவை முதலில் வெளிச்சத்துக்கான திரை. மனிதக் கண்பாவை தன் பரப்பைச் சுமார் 15 மடங்கு மாற்றிக்கொள்ளும். பூனையுடையது 135 மடங்கு. 2015இல் மார்ட்டின் பேங்க்ஸ் குழுவினர் 214 நிலவாழ் விலங்குகளின் கண்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். செங்குத்துப் பிளவு போன்ற பாவை, பகலும் இரவும் நடமாடி, பதுங்கிப் பாயும், உயரம் குறைந்த வேட்டை விலங்குகளுக்கே பெரும்பாலும் இருந்தது. தோள் உயரம் 42 சென்டிமீட்டருக்கும் குறைவானவை. பாய வேண்டிய தூரத்தைத் துல்லியமாகக் கணிக்க அந்தப் பிளவு உதவுகிறது. பதுங்கிப் பாய்வதில் புலியும் பூனையும் ஒரே ரகம்தான். ஆனால் உயரமான புலிக்கும் சிங்கத்துக்கும் கண்பாவை வட்டம்.

மதிய வெயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பூனையின் பாவை கோடாகத்தான் இருக்கும். அதற்கு மனசு எப்படி இருந்தாலும். இரவில் விளக்கணைத்த அறையில் வட்டமாகத்தான் இருக்கும். வெளிச்சம் மாறாத இடத்தில் பாவை திடீரென்று விரிந்தால் மட்டுமே அது ஒரு செய்தி. அதுவும் என்ன செய்தி? பயமாக இருக்கலாம். பல்லியைப் பார்த்த பரவசமாக இருக்கலாம். உங்கள் கையில் மீன் இருப்பதாக இருக்கலாம். லாஸ் ஏஞ்சலிஸில் பூனைகள் திரியும் காபிக்கடை ஒன்றில் பூனைகள் தங்களுக்குள் பழகுவதைப் படமெடுத்து, 276 வெவ்வேறு முகபாவங்களைப் பிரித்து 2023இல் இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதில் இணக்கமான நேரங்களில் காதும் மீசையும் மற்ற பூனையை நோக்கித் திரும்பின, கண்கள் மூடின. முரண்பட்ட நேரங்களில் கண்பாவை ஒடுங்கியது. படத்தில் ‘அமைதி’ என்று போட்டிருந்த அதே கோடு!

276 முகபாவங்கள். நாம் கற்றுக்கொண்டது ஒன்று. அதையும் தப்பாக.

5

இதில் வெட்கப்பட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. நாம் அவற்றைப் படிக்கிற லட்சணம் இது. அவை நம்மைப் படிக்கிற விதம் எப்படி?

2015இல் மிலான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பச்சை நிற பிளாஸ்டிக் நாடாக்கள் பறக்கும் மின்விசிறி ஒன்றை 24 பூனைகளின் முன்னால் வைத்தார்கள். பூனைக்கு அது விநோதமான, கொஞ்சம் பயமான பொருள். 79 சதவீதப் பூனைகள் விசிறியையும் பக்கத்திலிருந்த உரிமையாளரின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தன. ‘இது என்ன, பயப்படணுமா?’ என்று கேட்பதுபோல. 2019இல் புடாபெஸ்டில் நடந்த ஆய்வில், உணவு எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்பதை மனிதர் கண்ணாலும் தலையாலும் திரும்பிப் பார்த்து மட்டுமே உணர்த்தினார். பூனைகள் சுமார் 70 சதவீதம் சரியாகப் போயின. முறைப்பைப் பகையாகக் கொள்ளும் விலங்கு, நம் முகத்தையும் பார்வையையும் பின்தொடரக் கற்றிருக்கிறது. நமக்காக.

நாம்? அதே 2019இல் கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகம் 85 நாடுகளைச் சேர்ந்த 6,329 பேருக்குப் பூனை முகங்களின் சிறு காணொளிகளைக் காட்டி, பூனை நல்ல மனநிலையில் இருக்கிறதா மோசமான நிலையிலா என்று கேட்டது. சராசரியாக 20க்குப் பன்னிரண்டைக்கூடத் தொடவில்லை. அதாவது 59 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாக வரும். வீட்டில் பூனை வைத்திருப்பதால் பெரிய வித்தியாசமும் இல்லை. நன்றாகச் செய்தவர்களில் கால்நடை மருத்துவத் துறையினர் இருந்தார்கள். ‘நான் பத்து வருஷமா பூனை வளர்க்கிறேன், எனக்குத் தெரியாதா?’ என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கூடவே வாழ்வது வேறு, கவனிப்பது வேறு.

இந்தக் குருட்டுத்தனத்துக்கு ஒரு காரணம் நாய். நாய் நம் கண்ணைப் பார்க்கும். நாயும் அதன் மனிதரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். உள்புருவத்தைத் தூக்கிப் பரிதாபமாகப் பார்க்க உதவும் தசைகூட ஓநாயைவிட நாய்க்கு நன்றாக வளர்ந்திருக்கிறது. கூட்டமாக வாழ்ந்த மூதாதையிடமிருந்து வந்து, நம்மோடு சேர்ந்து செதுக்கப்பட்ட முகம் அது. நாயின் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் அன்புக்கான அளவுகோலாக நாயின் கண்ணை வைத்துக்கொண்டு பூனைக்கு மதிப்பெண் போடுவது, தெலுங்கில் எழுதிய விடைத்தாளைத் தமிழ் இலக்கணம் வைத்துத் திருத்துவது போன்றது. முதலில் ‘நன்றி கெட்டது’ என்று சுழியம் போட்டோம். இப்போது பரிதாபப்பட்டு ‘இல்லை இல்லை, அதுவும் ஐ லவ் யூ சொல்லுது’ என்று கருணை மதிப்பெண் போடுகிறோம். இரண்டு தடவையும் விடைத்தாளை வாசிக்கவில்லை.

6

எழுதுகிறவர்களாவது வாசித்தார்களா? நம் கவிதைகளில் பூனை நுழைந்தால் ‘மர்மம்’ என்ற சொல் வாலைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். இருட்டில் மின்னும் கண்கள், ஆழம் தெரியாத கண்கள், எதையோ அறிந்த கண்கள். விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு படலம் உள்ளே வந்த ஒளியை இன்னொரு தடவை திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் மின்னுகிறது. இதைச் சொன்னால் கவிதை செத்துவிடாது. உண்மையில் செத்தது வேறு. மர்மம் என்று எழுதியவுடன் இனி கவனிக்க வேண்டியதில்லை என்ற சௌகரியம் கவிஞருக்குக் கிடைத்துவிடுகிறது.

பெரிய மேதைகளும் தப்பவில்லை. தெரிதா 1997இல் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், குளியலறையில் தன்னை நிர்வாணமாகப் பார்க்கும் தன் பூனையிலிருந்து தொடங்குகிறார். அது உருவகப் பூனை அல்ல, நிஜப் பூனை என்று வலியுறுத்தவும் செய்கிறார். பிறகு பக்கம் பக்கமாக மேற்கத்தியத் தத்துவத்தின் மொத்த வரலாற்றையும் கூண்டில் ஏற்றுகிறார். டோனா ஹாராவே 2008இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு நேரடியான ஆட்சேபம் சொன்னார். விலங்கின் பார்வையை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டவருக்கு, அந்தக் காலையில் அந்தப் பூனை உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தது, என்ன உணர்ந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் வரவில்லையே என்பதுதான் அது. நியாயமான கேள்வி. அந்தப் பூனை ஒருவேளை காலைச் சாப்பாடு கேட்டிருக்கலாம்.

‘சரிங்க, தப்பாவே புரிஞ்சுக்கட்டும். அன்புன்னு நினைச்சா என்ன கெட்டுப்போச்சு? நல்லாத்தானே பாத்துக்குவாங்க?’ நண்பர்கள் கேட்பது இது. என் பதில்: அன்பு என்று நினைப்பது வெறும் நினைப்போடு நிற்காது. அது உரிமையைக் கொண்டுவரும். ‘என்னை நேசிக்கிறது, அதனால் நான் தூக்கலாம், அழுத்தலாம், முத்தமிடலாம், சட்டை போட்டுவிடலாம்.’ பூனை தலையைத் திருப்பும், காதை மடக்கும், பாவை விரியும், வால் நுனி துடிக்கும். அத்தனையும் ‘வேண்டாம்’. ஒன்றும் நம் கண்ணில் படாது. கடைசியில் கீறும். ‘காரணமே இல்லாம பிராண்டிடுச்சு’ என்போம்.

கண்ணைப் பார்த்து சம்மதத்தைக் கண்டுபிடிக்கும் இந்தக் கலை நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? நம் சினிமா நாயகர்களைப் பாருங்கள். வாயால் அவள் மாட்டேன் என்பாள், விலகி நடப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ‘ஆனா அவ கண்ணுல தெரிஞ்சுதுடா’ என்று நண்பனிடம் வந்து சொல்வான். தியேட்டர் கைதட்டும். அந்தக் காட்சியைப் பார்த்து இன்று நாம் சரியாகவே முகம் சுளிக்கிறோம். பூனையும் பெண்ணும் ஒன்று என்று சொல்லவில்லை. பார்க்கிறவனின் பழக்கம் ஒன்று என்கிறேன். எதிரில் இருப்பவர் சொல்லும் அத்தனை ‘வேண்டாம்’களையும் ஒதுக்கிவிட்டு, தனக்கு வேண்டிய ஒரே ஒரு இமை அசைவை மட்டும் பொறுக்கி எடுக்கும் பழக்கம்.

2015இல் வெள்ளரிக்காய்க் காணொளிகள் வந்தனவே, நினைவிருக்கிறதா? சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பூனைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வெள்ளரிக்காயை வைப்பார்கள். திரும்பிப் பார்க்கும் பூனை அரண்டு அந்தரத்தில் துள்ளும். உலகமே சிரித்தது. விலங்கு நடத்தை வல்லுநர்கள் இதைச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். சாப்பிடும் இடம் பாதுகாப்பானது என்று நம்பித்தான் அது முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. அந்த நம்பிக்கையை உடைத்ததுதான் நகைச்சுவை. அதைப் பகிர்ந்து சிரித்த நாம்தான் அடுத்த வாரம் ‘பூனை முத்தம்’ பார்த்து உருகினோம். இரண்டிலும் பூனையின் கண் திரையில் பெரிதாகத் தெரிந்தது. இரண்டிலும் அதை யாரும் படிக்கவில்லை.

7

மெதுவான இமைப்பில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. ‘ஐ லவ் யூ’வைவிட அதிகமாகவே இருக்கிறது என்பதுதான் என் கட்சி. காதுகள் தளர்ந்து, உடம்பு பரவி, சாப்பிட்டு முடித்த ஒரு பூனை, நீங்கள் இருக்கும் அறையில், உங்கள் பக்கம் பார்த்து மெல்லக் கண்ணை மூடினால் அதன் பொருள் இதற்கு அருகில் எங்கோ இருக்கும்: ‘உன் கை என்னை நெரிக்க முடியும், உன் கால் என்னை மிதிக்க முடியும். தெரியும். இருந்தாலும் இந்த நேரத்தில் உன்னைக் கண்காணிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.’

நம் வாழ்க்கையில் இப்படி எத்தனை பேர் முன்னால் கண்ணை மூட முடிகிறது நமக்கு? ‘லவ் யூ’ என்று ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குத் தட்டச்சு செய்கிறோம்? அவர்களில் எத்தனை பேர் பக்கத்தில் இருக்கும்போது பயமில்லாமல் தூங்குவோம்? பயமில்லை என்பது நேசத்தைவிடக் கடினமாகச் சம்பாதிக்க வேண்டியது. அதற்குச் சொல் போதாது. நாள்கணக்கில், மாதக்கணக்கில், கத்தாமல், துரத்தாமல், முறைக்காமல் இருந்து காட்ட வேண்டும்.

எனவே தெருப்பூனையோ வீட்டுப்பூனையோ, அடுத்த முறை எதிர்ப்பட்டால் இப்படிச் செய்து பாருங்கள். நேருக்கு நேர் நிற்க வேண்டாம். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். அதையே பார்க்காதீர்கள். கண் தற்செயலாகச் சந்தித்தால் மெதுவாகச் சுருக்கி, ஒரு நொடி மூடி, திறந்து, வேறு பக்கம் பாருங்கள். விரும்பினால் கையைத் தாழ்வாக நீட்டி அப்படியே வையுங்கள். கைபேசியைப் பைக்குள்ளேயே விட்டுவிடுங்கள். வந்து மோந்து பார்த்தால் சந்தோஷம். வராமல் தூரத்தில் உட்கார்ந்து முதுகை நக்கிக்கொண்டிருந்தால் அதுவும் சந்தோஷம்தான். முதுகைக் காட்டுகிறதே. எழுந்து போய்விட்டால், பின்னால் போகாதீர்கள். நாளைக்கும் அந்தத் தெரு இருக்கும், அதுவும் இருக்கும். நாளைக்கு இன்னும் ஓரடி பக்கத்தில் உட்காருமா என்பதை அது முடிவு செய்யட்டும்.